43–86: ஸ்டூடியோ நானாவின் லென்ஸும் மண்டபத்துப் படமும்

பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

எமது பாடசாலையின் பழைய மண்டபத்துக்கு முன்னால் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போன மாதம் இங்கே போட்டிருந்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள், மூன்று வரிசை, சாரமும் தொப்பியுமாக நிற்கும் படம். நினைவு மலர்க் குழு அதற்குக் கீழே "1972, மண்டபத் திறப்பு விழா" என்று ஏற்கெனவே டைப் பண்ணி வைத்திருந்தது. நான் போய், "இது 1972 இல்லை, எட்டு வருஷமாவது பிந்தியது" என்றேன். கூட்டத்தில் ஒரே சத்தம். "எந்த ஆதாரத்தில சொல்றீங்க சேர்?" என்று ஒரு நானா நேராகவே கேட்டார். "லென்ஸை வைத்துச் சொல்கிறேன்" என்றதும் பலர் சிரித்தார்கள். சிரிப்புக்குக் குறை சொல்ல முடியாது. ஒரு கண்ணாடித் துண்டு எப்படித் திகதி சொல்லும்?

அதைச் சொல்வதென்றால் அந்த லென்ஸின் வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். கூடவே, இன்பொக்ஸில் வந்து "சேர், பழைய லென்ஸ் வாங்கலாமா?" என்று கேட்கும் தம்பிமாருக்கும் ஒரே பதிவில் பதில் சொல்லி முடித்துவிடலாம்.

முதலில் லென்ஸ் என்னிடம் வந்த கதை. எமது ஊர் ஸ்டூடியோ நானாவை நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தெரியும். அடையாள அட்டைப் படத்துக்கு அவர் கடை ஸ்டூலில் உட்காராத ஆள் ஊரில் குறைவு. 1972இல் அடையாள அட்டை வந்தபோதுதான் எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுவே கடைசிப் படமும்கூட. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கடைக்குள் வந்து நெகட்டிவ் பெட்டிகள் அனைத்தையும் கொண்டுபோனது. நானா மௌத்தாகிச் சில வருஷங்களின் பின் அவருடைய மகன் வீட்டு அலுமாரியை ஒழுங்குபண்ணும்போது ஒரு தோல் பையைக் கண்டெடுத்தார். ஒரு நிக்கோமட் கமரா, அதில் பூட்டியபடியே ஒரு லென்ஸ். கமராவைத் தர அவருக்கு மனமில்லை. லென்ஸை 12,500 ரூபாவுக்கு எனக்குத் தந்தார். "வாப்பாட சாமான், சும்மா வைக்காம பாவியுங்க சேர்" என்று சொல்லித்தான் தந்தார்.

வளையத்தில் பொறித்திருந்தது: ஸூம்-நிக்கோர் ஓட்டோ, 43–86 மில்லிமீற்றர், எப் 3.5.

விசயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். "இதுவா? நிக்கோன் செய்ததிலேயே மோசமான லென்ஸ் என்று பேர் எடுத்ததல்லவா?" என்றார். உண்மைதான், அந்தப் பேர் இன்றுவரை அதற்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கெட்ட பேரின் காரணம்தான் எனக்குப் பின்னால் சாட்சியாக வந்தது.

43 என்ற இலக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36. பைதகரஸ் தேற்றம் படித்த பிள்ளைகள் இதன் மூலைவிட்டத்தைக் கண்டுபிடித்துப் பார்க்கலாம். 576ஐயும் 1296ஐயும் கூட்டினால் 1872. அதன் வர்க்கமூலம் 43.27. படத்தின் மூலைவிட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமனான குவியத்தூரம் உள்ள லென்ஸைத்தான் "ஸ்டாண்டர்ட்" என்பார்கள். மிக அகலமும் இல்லை, மிகக் கிட்டவும் இழுக்காது. 43இல் தொடங்கி அதன் இரட்டிப்பான 86 வரை போகும் லென்ஸ் இது. ஒரு தொகுதியாக நிற்கும் ஆட்களையும் எடுக்கலாம், அதே இடத்தில் நின்றபடியே மணமகனின் முகத்தை மட்டும் கிட்டவும் எடுக்கலாம்.

இன்றைக்குப் பிள்ளைகளின் போனில் இரண்டு விரலால் விரித்தால் நடக்கிற வேலை இது. (பெரும்பாலான போன்களில் அது உண்மையான ஸூம் அல்ல, படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அது வேறு கதை.) அந்தக் காலத்தில் கமராக்காரர் பையில் மூன்று லென்ஸ் சுமந்தார். 35, 50, 135. மாப்பிள்ளை வாசலுக்கு வந்து விடுவார், இவர் இன்னும் லென்ஸ் கழற்றிக்கொண்டு நிற்பார்.

ஸூம் லென்ஸ் என்ற எண்ணம் ஒன்றும் புதிதல்ல. சினிமாக்காரர்கள் 1920களிலேயே அதைப் பாவித்துவிட்டார்கள். 1927இல் வந்த 'இட்' என்ற ஹொலிவூட் ஊமைப்படத்தில் ஸூம் காட்சி இருக்கிறது. 1932இல் 'வாரோ' என்ற 40–120 லென்ஸ் சினிமாக் கமராவுக்கு வந்தது. ஆனால் சாதாரண நிழற்படக் கமராவுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஸூம் வர 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம்?

காரணம் ஒன்றல்ல. சினிமாவில் ஒரு படச்சட்டம் கண்ணுக்கு முன்னால் நிற்பது ஒரு செக்கனில் 24இல் ஒரு பங்கு. அதில் ஓரம் கொஞ்சம் வளைந்திருந்தால் யார் கவனிப்பார்? நிழற்படமோ சுவரில் ஐம்பது வருஷம் தொங்கும். மாமியார் கிட்டப்போய்ப் பார்ப்பார். அடுத்தது, ஸூம் பண்ணும்போது என்ன தெரிகிறது என்று பார்க்க லென்ஸ் ஊடாகவே பார்க்கும் கமரா வேண்டும். கண்ணாடி வைத்த ரிப்ளெக்ஸ் கமராக்கள் 1950களில்தான் பரவலாக வந்தன. அப்படி வந்ததும் இன்னொரு தொல்லை. அந்தக் கண்ணாடி மேலும் கீழும் ஆடுவதற்கு லென்ஸின் பின்னால் இடம் விட வேண்டும். தூர லென்ஸுக்கு அது பிரச்சினையில்லை. அகலப் பக்கம் போகப்போகத்தான் பொல்லாத வேலை. அதனால்தான் நிக்கோன் கம்பனி 1959இலேயே 85–250 என்ற தூர ஸூமைக் காட்டிவிட்டது, ஸ்டாண்டர்ட் ஸூமுக்கு மேலும் நாலு வருஷம் எடுத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கணக்கு. ஸூம் லென்ஸுக்குள் கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நகர்கின்றன. ஒன்றை நகர்த்தினால் படம் பெரிதாகும், உடனே போகஸ் போய்விடும். போன போகஸை இன்னொரு கண்ணாடியை நகர்த்தித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, சில கண்ணாடிகளை ஒரே சட்டத்தில் கட்டி நேர்கோட்டில் ஒன்றாக நகர்த்தி, போகஸ் பெரிதாகப் பிசகாமல் ஒளியியல் கணக்காலேயே சமாளிப்பது. மற்றது, இரண்டு தொகுதிகளையும் வெவ்வேறு வளைவான பள்ளங்களில் ஓடவிட்டு ஒவ்வொரு புள்ளியிலும் போகஸைச் சரியாகப் பிடிப்பது. இரண்டாவது வழிக்கு உலோகத்தில் மிகத் துல்லியமாகப் பள்ளம் வெட்டத் தெரிய வேண்டும். கைத்தறிக்காரர்களுக்கு இது விளங்கும். ஒரு மிதியை மிதித்தால் மற்ற நூல் எல்லாம் தன் தன் கணக்கில் ஏறி இறங்க வேண்டும், ஒரு நூல் பிந்தினாலும் சேலையில் கோடு விழும்.

ஒவ்வொரு ஒளிக்கதிரும் ஒவ்வொரு கண்ணாடி முகத்திலும் எப்படி முறிகிறது என்று கணக்கிட வேண்டும். முன்பு இதை மடக்கை அட்டவணையும் கைக் கணிப்பொறியும் வைத்து ஆட்கள் மாதக்கணக்கில் செய்தார்கள். ஜப்பானின் முதல் மின்னணுக் கணினி எதற்காகச் செய்யப்பட்டது தெரியுமா? லென்ஸ் கணக்குக்குத்தான். பூஜி பிலிம் கம்பனியில் புன்ஜி ஒக்கசாக்கி என்பவர் சுமார் 1,700 வெற்றிடக் குழாய்களை வைத்து 'பூஜிக்' என்ற அந்தக் கணினியை 1956இல் முடித்தார். கணினி வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லலாம், பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

1959இல் வந்த அந்த முதலாவது ஸ்டாண்டர்ட் ஸூமின் பெயர் ஸூமார், 36–82, எப் 2.8. வடிவமைத்தவர் பிராங்க் பேக். வியன்னாவில் பிறந்து, ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டு அமெரிக்கா போனவர். அங்கே தொலைக்காட்சிக் கமராக்களுக்கு ஸூம் லென்ஸ் செய்து பெயர் எடுத்தார். ஸூமாரை ஜேர்மனியின் வொய்க்லண்டர் கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்தது. 14 கண்ணாடித் துண்டுகள், முன்பக்கம் 95 மில்லிமீற்றர் வாய், முக்கால் கிலோவுக்கு மேல் பாரம். முன்னால் ஒரு சீனிப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். பெருமை பெருமைதான், ஆனால் சாதாரண ஆள் வாங்கும் சாமான் அல்ல.

நிக்கோனும் (அப்போது கம்பனியின் பெயர் நிப்பொன் கொகாகு) 1960களின் ஆரம்பத்தில் 35–85 என்று ஒன்றைக் காட்டியது. பெரிது, விலையும் கூட. கடைக்கு வரவேயில்லை. அதன் பிறகு அவர்கள் எடுத்த முடிவுதான் முக்கியம். அகலத்தை 35இலிருந்து 43க்குக் குறைத்தார்கள். ஒளியை 3.5க்குக் குறைத்தார்கள். எல்லா ஆசையையும் குறைத்து, தக்காஷி ஹிகுச்சி என்ற வடிவமைப்பாளர் ஒன்பது கண்ணாடித் துண்டுகளுக்குள் வேலையை முடித்தார். 1963இல் 43–86 பிறந்தது. பாரம் ஏறத்தாழ 400 கிராம். முன்வாய் 52 மில்லிமீற்றர், அதாவது நிக்கோன்காரரின் சாதாரண 50 லென்ஸுக்குப் போடும் பில்டரே இதற்கும் போதும். அதே 1963இல் இதே 43–86ஐக் கழற்ற முடியாதபடி பொருத்திய 'நிக்கோரெக்ஸ் ஸூம் 35' என்ற கமராவும் வந்தது.

சாதாரண ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு திரிந்த ஸ்டாண்டர்ட் ஸூம் என்றால் அது இதுதான். ஏறக்குறைய இருபது வருஷம் கடையில் இருந்தது. சாதாரணதரம் எழுதும் பிள்ளை எல்லாப் பாடத்திலும் 'எஸ்' எடுத்துத் தப்பியது போல: ஒன்றிலும் 'ஏ' இல்லை, ஆனால் பாஸ்.

எங்கே புள்ளி குறைந்தது? இரண்டு இடத்தில்.

ஒன்று, கோடு. 43இல் எடுத்தால் ஓரத்திலுள்ள நேர்கோடுகள் பீப்பாய்போல வெளியே வீங்கும். 86க்குப் போனால் அதே கோடுகள் உள்ளே ஒடுங்கும். கதவு நிலை, தூண், கடல் விளிம்பு எதுவும் ஓரத்தில் நேராக நிற்காது.

மற்றது, வெளிச்சம். ஒன்பது துண்டுகள் ஏழு தொகுதிகளாக இருக்கின்றன. அப்படியானால் காற்றைத் தொடும் முகங்கள் பதினான்கு. பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடி முகம் ஒவ்வொன்றும் நாலு சதவீத ஒளியைத் திருப்பி எறியும். பதினாலு முகத்தில் கிட்டத்தட்டப் பாதி ஒளி போய்விடும். போன ஒளி சும்மா போகாது, உள்ளேயே தெறித்துப் படத்தை வெளுப்பாக்கும். சைஸ் கம்பனியில் 1930களில் கண்டுபிடித்த மேற்பூச்சு இல்லாவிட்டால் ஸூம் லென்ஸே பாவனைக்கு வந்திராது. 1963இல் இருந்தது ஒற்றைப் பூச்சு. அதனால் சூரியன் ஓரத்தில் பட்டாலே பழைய 43–86 கண் கலங்கும். 1970களின் நடுப்பகுதியில் நிக்கோன் இதை அடியோடு மாற்றி, பதினொரு துண்டுகளாக்கி, பல அடுக்குப் பூச்சும் கொடுத்தது. அந்தப் பிந்திய வகை எவ்வளவோ மேல். கெட்ட பேர் மட்டும் பழையதிலிருந்து புதியதற்கும் ஒட்டிக்கொண்டது.

சரி, இது எப்படி எங்கள் ஊருக்கு வந்தது? 1970 தொடக்கம் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு. துணிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம், கமரா லென்ஸைப் பற்றி யார் நினைப்பார்? ஸ்டூடியோ நானாவிடம் அப்போது இருந்தது சதுரப் படம் எடுக்கும் இரட்டைக் கண் பெட்டிக் கமரா ஒன்றுதான். 1977இல் பொருளாதாரம் திறந்தது. எங்கள் ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். நானாவும் போனார். மூன்று வருஷம் ஜித்தாவில் ஒரு கடையில் வேலை. அங்கே ஒரு பாகிஸ்தானியரிடம் நிக்கோமட் கமராவையும் இந்த லென்ஸையும் இரண்டாம் கையாக வாங்கினார். மகனிடம் அந்தப் பழைய கடவுச்சீட்டு இன்னும் இருக்கிறது. கட்டுநாயக்காவில் திரும்பி வந்து இறங்கிய முத்திரை 1980. இந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஊரில் நடந்த கலியாணம், பரிசளிப்பு, விளையாட்டுப்போட்டி எல்லாம் இந்த ஒரு கண்ணாடியால்தான் பார்க்கப்பட்டன. எனது தாத்தாவின் கலியாணப் படமும் இதில் எடுத்ததுதான். மச்சானின் பக்கத்தில் வாசல் நிலை வில்போல வளைந்திருக்கும். மேசன் பாஸ் சரியாகக் கட்டவில்லை என்று வாப்பா எத்தனை வருஷம் அந்த மனிசனைப் பேசியிருப்பார்! பாவம், நிலை நேராகத்தான் இருந்திருக்கிறது.

இனி வாங்குகிற கதை. 2022இல் டொலர் 200இலிருந்து 360க்கு ஏறிய பிறகு புது லென்ஸ் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது என்றாகிவிட்டது. தம்பிமார் பலர் பழைய லென்ஸ் தேடுவது இதனால்தான். நான் நானாவின் லென்ஸுக்கு முன்பே ஒரு தடவை இணையத்தில் ஏமாந்தவன். 18,000 ரூபாவுக்கு ஒரு 35–70 வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை மாதிரிப் பங்கசு. விற்றவர் போனை எடுக்கவேயில்லை. கொழும்பில் சுத்தம்பண்ணக் கேட்ட காசு லென்ஸின் விலையைத் தாண்டியது.

ஆகவே கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போனில் இருக்கும் டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகச் சரித்துப் பாருங்கள். கொஞ்சம் தூசி கிடந்தால் பரவாயில்லை, ஐம்பது வருஷச் சாமானில் தூசி இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். நூல் நூலாக, பூப்போலப் பரவியிருந்தால் பங்கசு. கடற்கரைக் காற்றும் ஈரமும் உள்ள எங்கள் பக்கத்தில் அதற்கு நல்ல சாப்பாடு. ஓரத்தில் சிறிதாக இருந்தால் துடைக்கலாம், பூச்சை அரித்திருந்தால் யார் துடைத்தும் பயனில்லை. முழுக்கப் பால்போல மங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு பின்னால் இருக்கும் சின்ன நெம்பை விரலால் தட்டுங்கள். உள்ளே உள்ள தகடுகள் 'டக்' என்று மூடித் திறக்க வேண்டும். எண்ணெய் கசிந்து ஒட்டியிருந்தால் சோம்பலாக அசையும். ஸூம் வளையத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள், பல் ஆடுவது மாதிரி ஆடினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. லென்ஸைத் தலைகீழாகப் பிடிக்கும்போது வளையம் தானாகச் சறுக்கி இறங்கினால் அது பெரிய குறையல்ல, இழுத்துத் தள்ளும் வகைக்கு வயது போனால் வருவதுதான்.

43–86 வாங்குவதென்றால் பிந்திய வகையைத் தேடுங்கள். சுலபமான அடையாளம்: 1977இலிருந்து வந்த 'ஏஐ' வகையில் எப் இலக்கங்கள் இரண்டு வரிசையாக இருக்கும். (இந்த ஏஐ, பிள்ளைகள் ஹோம்வேர்க் செய்யும் ஏஐ அல்ல. நிக்கோனின் பழைய பொருத்து முறையின் பெயர்.) அதற்கு முந்திய லென்ஸை இப்போதைய நிக்கோன் டீஎஸ்எல்ஆர் கமராவில் நேரே பூட்டாதீர்கள், பல மொடல்களில் விளிம்பிலுள்ள சின்னத் தகடு உடையும். மிரர்லெஸ் கமராவென்றால் அடப்டர் போட்டுப் பயமில்லாமல் பாவிக்கலாம். நிக்கோன் லென்ஸ் பிலிமிலிருந்து 46.5 மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும், சோனி மிரர்லெஸில் அந்தத் தூரம் 18. மிச்சம் 28.5ஐ நிரப்பும் வெறும் உலோகக் குழாய்தான் அடப்டர். உள்ளே ஒரு மண்ணும் இல்லை. கமரா மெனுவில் "லென்ஸ் இல்லாமல் எடு" என்ற தெரிவைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கமரா லென்ஸே இல்லை என்று வேலைநிறுத்தம் செய்யும்.

பாவிக்கும்போது ஒரே வளையம், இரண்டு வேலை. சுழற்றினால் போகஸ், முன்பின் தள்ளினால் ஸூம். முதலில் 86க்குப் போய், எப்பை 3.5இல் முழுக்கத் திறந்து, கண் இமையில் போகஸ் பிடியுங்கள். பிறகு வளையத்தைத் திருகாமல் வேண்டிய அகலத்துக்குத் தள்ளுங்கள். போகஸ் அப்படியே நிற்கும். இந்தக் காலத்து மலிவு ஸூம் பலவற்றில் இது நிற்காது. உங்களுக்கு நிற்கவில்லையென்றால் லென்ஸைத் திட்ட முன் அடப்டரைச் சந்தேகியுங்கள், மலிவு அடப்டர்கள் கொஞ்சம் மெலிசாக வருவதுண்டு. போகஸ் பிடித்த பின் எப்பை 8க்கு மூடினால் நடுப்பகுதி இன்றைக்கும் நல்ல கூர்மை. 1.2 மீற்றரை விடக் கிட்டப் போக முடியாது. சூரியனுக்கு முகம் காட்டாதீர்கள். வீட்டில் அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், மாவும் தூசியும்தான் ஏறும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பைக்கற்றும் போதும். அதைவிட நல்ல மருந்து கிழமைக்கு ஒரு தடவை வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

43–86க்குப் பிறகு வந்த வரலாறு நீளம், ஓடியே சொல்கிறேன். 1973இல் கெனன் 35–70 ஒன்றைக் கொண்டுவந்தது. முன்னால் விரிக்கும் தொகுதி, பின்னால் குவிக்கும் தொகுதி, இரண்டும் நகரும். அந்த எளிய அமைப்பால் ஸ்டாண்டர்ட் ஸூம் உண்மையிலேயே நல்ல லென்ஸாகியது. மினோல்டா செய்த 35–70 எவ்வளவு நன்றாக இருந்ததென்றால் ஜேர்மனியின் லைக்காவே 1980களில் அதைத் தன் பெயரில் விற்றது. 1985இல் மினோல்டா 7000 வந்து கமராவே போகஸ் பிடிக்கத் தொடங்கியது, கைப் போகஸ் லென்ஸெல்லாம் அலுமாரிக்குள் போயின. இன்றைக்குக் கமராவோடு வரும் 18–55 இந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைதான்.

இனி மண்டபத்துப் படத்துக்கு வருவோம்.

படத்தின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் மண்டபத் தூண்கள் நிற்கின்றன. இரண்டும் வெளியே வளைந்திருக்கின்றன. அந்தத் தூண்கள் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன. தூக்குநூல் பிடித்துப் பார்த்தேன், நேர். நானாவின் பழைய இரட்டைக் கண் கமராவில் எடுத்த சதுரப் படங்கள் சில வீடுகளில் இருக்கின்றன, அவற்றில் கோடுகள் இப்படி வளைவதில்லை. இந்தப் படமோ நீள்சதுரம்.

எனது கமராவின் சென்சர் சிறியது. அது லென்ஸின் நடுப்பகுதியைத்தான் எடுக்கும், வளையும் ஓரம் வெட்டுப்பட்டுவிடும். ஆகவே கலியாண வீடியோ செய்யும் எனது பழைய மாணவர் ஒருவரிடம் முழு அளவுச் சென்சர் கமராவை இரவல் வாங்கி, நானாவின் லென்ஸைப் பூட்டி, 43இல் வைத்து, பழைய படம் எடுத்த இடத்தை ஒருமாதிரி மட்டுக்கட்டி நின்று எடுத்தேன். அதே அளவில் பிரிண்ட் எடுத்து இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினேன். தூணின் வளைவு தூணின் வளைவின் மேல் உட்கார்ந்தது.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். வளைக்கிற லென்ஸ் உலகத்தில் இது ஒன்றா? வேறு யாராவது வெளியூரிலிருந்து வந்து வேறு லென்ஸில் எடுத்திருக்கலாமே? நியாயம். வளைவு மட்டும் தீர்ப்பு ஆகாது. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு, அந்த ஓரங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். தூணைப் பார்க்கப் போய்த்தான் தூணுக்குப் பின்னால் உள்ளதைக் கண்டேன். வலது தூணுக்கும் படத்தின் விளிம்புக்கும் இடையில், பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே, மீன் முள் மாதிரி ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தால் தொலைக்காட்சி அன்ரனா.

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979 ஏப்ரலில், அதுவும் கொழும்புப் பக்கம் மட்டும். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். எங்கள் ஊர்க் கூரையில் 1972இல் அன்ரனா இருக்க வழியே இல்லை.

அப்படியென்றால் படம் எது? மூத்தவர்களிடம் போய்க் கேட்டேன். 1972இல் மண்டபத்தைக் கட்டித் தந்த குடும்பத்தின் கொடையை யாரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி அந்த மண்டபத்தின் கூரையையும் பின்சுவரையும் கொண்டுபோனது. தூண்கள் மட்டும் மிஞ்சின. பிறகு மீனுக்குப் போகிறவர்களும் தறிக்காரரும் வண்டிக்காரரும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கல் சுமந்து அதைத் திரும்பக் கட்டினார்கள். வேலை முடிய வருஷக்கணக்காயிற்று. முடிந்த அன்று நானா வந்து எடுத்த படம் என்று இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலே, சொன்னார்கள். படத்தை மறுபடி பாருங்கள். திறப்பு விழாவென்றால் முன்வரிசைக்காரர் ஏன் சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார்? இரண்டாம் வரிசையில் ஒருவர் கையில் இருப்பது மாலையல்ல, கரண்டி. சாந்துக் கரண்டி.

மலர்க் குழு நேற்று இரவு கூடியது. விவாதம் பதினொரு மணி வரை போனது. முடிவில் 1972ஐ வெட்டிவிட்டு "சூறாவளிக்குப் பின் மண்டபத்தைத் திரும்பக் கட்டியவர்கள், 1980களின் ஆரம்பம்" என்று போட ஒத்துக்கொண்டார்கள். குடும்பத்தின் பெயர் 1972இன் கீழே தனிப் பக்கத்தில் வரும். அதுவும் சரிதான்.

இப்போது ஒரு உதவி வேண்டும். நாற்பத்து மூன்று பேரில் இருபத்தொன்பது பேரின் பெயர் கிடைத்துவிட்டது. மலர் அச்சுக்குப் போக இரண்டு கிழமைதான் இருக்கிறது. படத்தை இலக்கம் போட்டுக் கீழே தந்திருக்கிறேன். உங்கள் வாப்பாமாரிடம், மாமாமாரிடம் காட்டிக் கேளுங்கள். குறிப்பாக 17ஆம் இலக்கம், கரண்டியோடு நிற்பவர். மருதமுனைப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்த மேசன் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை எங்கள் ஊர் ஆள்தான் என்று இன்னொருவர் சொல்கிறார். 31ஆம் இலக்கத்தில் இருப்பவர் இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். லென்ஸ் அவருடைய முகத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டது, அதையும் கணக்கில் எடுத்துப் பாருங்கள்.